சேதனம் என்று எழுதிய பையும் போத்தலும் அரிசியும்: வன்னிக் கடைகளில் எதை நம்பி வாங்கலாம்

கிளிநொச்சி, வவுனியா நகரங்களின் விவசாயக் கடைகளிலும், புதுக்குடியிருப்பு, மல்லாவி, மாங்குளம் பக்கத்துச் சிறு கடைகளிலும் ‘சேதனம்’, ‘இயற்கை’, ‘நஞ்சற்றது’ என்று எழுதிய பொருள்கள் நிறைய வந்துவிட்டன. கூட்டெருப் பை, திரவப் பசளை, வேப்பெண்ணெய், தும்புத்தூள் கட்டி, அரிசி, உழுந்து, தேன் என்று எல்லாவற்றிலும் அந்த எழுத்து இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. இவற்றில் காசு கொடுக்கத் தகுந்தவை எவை, தகாதவை எவை என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம். எந்தக் கடைக்கும் எந்த நிறுவனத்துக்கும் புள்ளி போடும் வேலை இதில் இல்லை. பையைப் பிரித்துப் பார்த்தால் என்ன தெரியும், எதைக் கேட்டால் உண்மை வெளிவரும் என்பதே விடயம்.

பசளைப் பையில் இருக்கும் ‘சேதனம்’ ஒன்று, அரிசிப் பக்கற்றில் இருக்கும் ‘சேதனம்’ இன்னொன்று. பசளையில் அது மூலப்பொருளை மட்டும் சொல்கிறது: தாவரத்திலிருந்தோ விலங்கிலிருந்தோ வந்த எரு. இறைச்சிக்கோழிப் பண்ணையிலிருந்து அள்ளி வந்த எருவும் சேதனப் பசளைதான். ஆனால் ஐரோப்பிய விதிகளின் கீழ் சான்றிதழ் பெற்ற தோட்டத்துக்குள், கைத்தொழில் முறைப் பண்ணைகளின் எரு போகவே முடியாது. உணவில் அந்தச் சொல் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. செயற்கைப் பசளை இல்லை, செயற்கைப் பீடைநாசினி இல்லை, மரபணு மாற்றிய விதை இல்லை, பதிவேடு உண்டு, ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள். அமெரிக்க விதிப்படி, தடைசெய்யப்பட்ட பொருள் கடைசியாக இட்டதிலிருந்து அறுவடை வரை 36 மாதம் போக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் 3 ஆண்டு. போன காலபோகத்துக்கு யூரியா போடாமல் விட்டதால் மட்டும் இந்தக் காலபோக நெல் சேதன நெல் ஆகிவிடாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். சேதன விளைச்சல் என்றால் மருந்தே அடிக்காத விளைச்சல் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வேம்பு, கந்தகம், செம்புக் கலவைகள், புழுக்களைக் கொல்லும் பி.டி. பக்டீரியா போன்றவை விதிகளுக்குள்ளேயே அனுமதிக்கப்பட்டவை. செம்பு மண்ணில் தங்கிச் சேரும் உலோகம். அதனால் ஐரோப்பாவில் ஹெக்டயருக்கு 7 ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் போடக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கூட்டெருப் பைகள்

வீட்டுத்தோட்டக்காரர் அதிகம் வாங்குவது இதைத்தான். ஏமாற்றமும் இதில்தான் அதிகம். நல்ல கூட்டெருவில் நைதரசன் சுமார் 1 வீதம் இருக்கும். 5 கிலோப் பையில் 50 கிராம். யூரியாவில் 46 வீதம் இருப்பதால், கிட்டத்தட்ட 110 கிராம் யூரியாவில் அதே அளவு நைதரசன் உண்டு. ஆனால் கூட்டெருவின் நைதரசனில் சிறு பங்குதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். மிச்சம் மண்ணில் இருந்து மெதுவாக வரும். ‘ஒரு பை போட்டேன், கத்தரி மஞ்சளாகவே நிற்கிறது’ என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். பசளை போலி என்று முடிவு கட்டுவதற்கு முன் அளவைப் பாருங்கள். மரக்கறிக்குச் சதுர மீற்றருக்கு 1 கிலோ என்பது ஹெக்டயருக்கு 10 தொன் என்ற கணக்கு. இது குறைந்தபட்சம். வன்னியின் மணல் கலந்த நிலத்தில் 2 கிலோ வரை போகலாம். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அதை ஒரே தடவையில் கொட்டாமல், நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் பாதி, பூக்கும் தறுவாயில் பாதி என்று பிரியுங்கள். ஒரே தடவையில் போட்டால் காலபோக மழை கீழே இறக்கிக்கொண்டு போய்விடும்.

2021இல் நடந்ததையும் இதே கணக்கு விளக்கிவிடும். அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வர்த்தமானியோடு இரசாயனப் பசளையின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. நீர்ப்பாசன நெல்லுக்கு ஹெக்டயருக்குச் சுமார் 100 கிலோ நைதரசன் வேண்டும். 1 வீதக் கூட்டெருவால் அதைக் கொடுக்கப் பார்த்தால் 10 தொன், அதுவும் அந்தப் போகத்திலேயே முழுதும் கிடைக்காத 10 தொன். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்கு ஒரே போகத்தில் அவ்வளவு எரு எங்கிருந்து வரும்? சேதன முறை தோற்றது என்று அன்று முதல் பலர் சொல்கிறார்கள். மண்ணை ஆண்டுக்கணக்கில் தயார் செய்ய வேண்டிய ஒரு முறையை ஒரு வர்த்தமானியால் செய்ய முயன்றதே அங்கே தோற்றது. அந்த இழப்பைத் தாங்கியவர்கள் விவசாயிகள். இன்று கடைகளில் இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை குறைந்திருப்பதற்கும் அதுவே பெரிய காரணம்.

இனிப் பையைப் பார்ப்போம். பின்பக்கத்தில் தேசிய உரச் செயலகத்தின் பதிவிலக்கம், உற்பத்தித் திகதி, நைதரசன்-பொசுபரசு-பொற்றாசிய வீதம், மூலப்பொருள் ஆகியவை இருக்க வேண்டும். பசளையை ஒழுங்குபடுத்த 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ‘100% இயற்கை’ என்ற பெரிய எழுத்தும் பச்சை இலைப் படமும் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு சாக்கில் பரப்புங்கள். ஆட்டுப் பிழுக்கை உருண்டையாகவே கிடந்தால், வைக்கோல் வைக்கோலாகவே தெரிந்தால், அது இன்னும் எருவாகவில்லை. பொலித்தீன் துண்டும் கண்ணாடித் துணுக்கும் இருந்தால் நகரக் கழிவு தரம்பிரிக்காமல் போயிருக்கிறது. அது பூமரத்துக்கும் வேலியோரத் தென்னைக்கும் சரி, கீரைப் பாத்திக்கு வேண்டாம். அடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கால்வாசி கூட்டெரு, மிச்சம் தண்ணீர். நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மணல் முதலில் அடியில் படியும், எரு மேலே கறுப்பாக நிற்கும். போட்ட எருவின் உயரத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் மணல் தெரிந்தால், நிறையில் பார்க்கும்போது நீங்கள் மணலுக்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள், ஏனென்றால் மணல் எருவைவிட மிகப் பாரம். திறந்த பட்டியில் கூட்டி அள்ளிய எருவில் கொஞ்சம் மணல் இருப்பது இயல்பு. அதை மன்னிக்கலாம், அளவைப் பொறுத்து.

முதிர்ச்சியை அறிய, இரண்டு கைப்பிடி எருவை நனைத்து, பிழிந்தால் சொட்டாத ஈரத்தில், பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறக்கும்போது மழை பெய்த மண் மணம் வந்தால் நல்லது. புளித்த மணமோ மூக்கில் குத்தும் அமோனியா மணமோ வந்தால், இன்னும் ஒரு மாதமாவது குவித்து மூடி வைக்க வேண்டும். முதிராத எரு நாற்றின் வேரைச் சுடும், மண்ணிலுள்ள நைதரசனையும் தன் சிதைவுக்கு இழுத்துக்கொள்ளும்.

கடைசிச் சோதனை பயற்றை விதை. இரண்டு சாடி எடுங்கள். ஒன்றில் உங்கள் வளவு மண், மற்றதில் அதே மண்ணும் வாங்கிய எருவும் பாதிக்குப் பாதி. ஒவ்வொன்றிலும் ஆறு விதை. மூன்று கிழமை பாருங்கள். எருச் சாடியில் முளைப்பே குறைந்தாலும் இலை ஓரம் கருகினாலும் உப்புக் கூடுதல். இலை கிண்ணம் போலக் குழிந்து தண்டு முறுக்கிக்கொண்டால் களைநாசினி எச்சம் என்று சந்தேகிக்க வேண்டும். அகன்ற இலைக் களைக்கு மருந்தடித்த வயலின் வைக்கோலைத் தின்ற மாட்டின் எருவிலும், அந்த வைக்கோலில் செய்த கூட்டெருவிலும் இப்படி வரலாம். அந்தப் பையைத் தக்காளிக்கும் அவரைக்கும் கொண்டுபோகாதீர்கள். சோளத்துக்கோ புல்லுக்கோ பரவி, ஒரு மழைக்காலம் சிதைய விடுங்கள்.

பட்டி எருவைப் பற்றி ஒரு வார்த்தை. வன்னியில் நல்ல பட்டிக்காரர் ஒருவரைத் தெரிந்தால், பெரும்பாலான கடைப் பைகளைவிட அவரிடம் இழுவைப்பெட்டியில் வாங்குவதே மேல். விலையும் குறையும், எரு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். குறை இரண்டு. கோரை, பார்த்தீனியம் போன்றவற்றின் விதைகள் அதோடு வரும். பச்சை எருவில் வயிற்றுநோய்க் கிருமிகள் இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஒரு மீற்றர் உயரத்துக்குக் குறையாமல் குவித்து, நனைத்து, கிடுகால் மூடி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிச் சூடேற்றுவது. உள்ளே கையை வைத்தால் பொறுக்க முடியாத சூடு சில நாள் நிற்க வேண்டும். அமெரிக்கச் சேதன விதி, குவித்துச் சூடேற்றாத பச்சை எருவுக்கு, மண்ணைத் தொடும் காய்கறி என்றால் அறுவடைக்கு 120 நாள் முன்பும், தொடாதவைக்கு 90 நாள் முன்பும் என்று எல்லை வைக்கிறது. வல்லாரையும் சலாதும் பச்சையாகத் தின்னும் வீடுகள் இந்த எண்களை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தும்புத்தூள் கட்டி வாங்கலாம், ஆனால் பசளை என்று நினைத்து வாங்காதீர்கள். அது ஈரம் பிடிக்கும் ஊடகம் மட்டுமே. 5 கிலோக் கட்டி ஊறினால் சுமார் 70 லீற்றர் வரும். ஒரு நாள் ஊறவைத்து வடித்து, இரண்டு மூன்று தரம் புதுத் தண்ணீரில் கழுவிய பிறகே சாடிக்குப் போடுங்கள். கழுவாத தூளின் உப்பு, மன்னார், முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகளின் உவர்நீரோடு சேர்ந்தால் மிளகாய் நாற்றுக்கு ஆபத்து.

எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று: அநுராதபுர மாவட்டத்தில் தோண்டி எடுப்பது, இயற்கையானது, சேதன விதிக்கு உட்பட்டது. அப்படி இருந்தும் நம் வீட்டுத்தோட்டத்துக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். அமில மண்ணில்தான் அது கரையும். தேயிலைக்கும் ஈரவலயத் தென்னைக்கும் அதனால் பொருந்தும். வன்னியின் செங்கபில மண் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியது. மூன்று மாதக் கத்தரிக்கு அதிலிருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அமில மண்ணைத் திருத்தப் போடும் டொலமைற்றுச் சுண்ணத்தூளும் அப்படித்தான். மண் பரிசோதனை இல்லாமல் போட வேண்டாம். எதை எங்கே பரிசோதிக்கலாம் என்பதைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமோ, விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலோ கேட்கலாம்.

திரவங்களும் வேப்பெண்ணெயும்

பஞ்சகாவியா (பசுவின் சாணம், சிறுநீர், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கலவை), மீன் அமிலம், கடற்பாசிச் சாறு எல்லாம் ஊக்கிகள். முதன்மைப் பசளையின் இடத்தை இவற்றால் பிடிக்க முடியாது. எரு இட்ட மண்ணில் பயிருக்கு ஊட்டம் சேர்க்கும், வெறும் மண்ணில் தனியே ஒன்றும் செய்யாது. பஞ்சகாவியா லீற்றருக்கு 30 மில்லிலீற்றர், மீன் அமிலம் லீற்றருக்கு 5 மில்லிலீற்றர். கீரையின் இலையில் சாணம் சேர்ந்த எதையும் தெளிக்காதீர்கள், வேருக்கு ஊற்றுங்கள். மீன் அமிலத்தைக் கடையில் வாங்குவது முல்லைத்தீவுக்காரருக்குத் தேவையில்லாத செலவு. உப்புப் போடாத மீன் கழிவும் சர்க்கரையும் சம நிறையில் கலந்து, துணியால் மூடி, மூன்று நான்கு கிழமை நிழலில் வைத்து வடித்தால் போதும். கருவாட்டுக் கழிவு வேண்டவே வேண்டாம்.

வேப்பெண்ணெய்ப் போத்தலில் பார்க்க வேண்டியது, வேம்பில் பூச்சியைத் தாக்கும் பொருளான அசாடிராக்டினின் அளவு. 1500, 3000, 10000 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) என்று எழுதியிருப்பார்கள். அந்த எண் இல்லாத எண்ணெய் தலைக்குத் தேய்க்க உதவலாம், வெள்ளை ஈக்கு உதவும் என்று சொல்ல முடியாது. பீடைநாசினியாக விற்றால் பீடைநாசினிப் பதிவாளரின் பதிவிலக்கமும் இருக்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இயற்கை மருந்தை ஒதுக்கி வைக்கவில்லை. கலக்கும் முறையில்தான் பலருக்குப் பிழைக்கிறது. எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிகருவியின் கடைசி அரை லீற்றரில் எண்ணெயாகவே வந்து இலையைச் சுடும். முதலில் 5 மில்லிலீற்றர் எண்ணெயில் 1 அல்லது 2 மில்லிலீற்றர் திரவச் சவர்க்காரம் விட்டுக் கலக்குங்கள், கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் சேர்த்துப் பாலாக அடியுங்கள், பிறகு 1 லீற்றர் ஆக்குங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய. அசாடிராக்டின் வெயிலில் சில நாளில் அழிந்துவிடும். ஆகவே ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும்.

கத்தரியில் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போன துளைப்பானை வேம்பு எட்டாது. வாடிய குருத்தைத் துளைக்குக் கீழே வெட்டி எரிப்பதும், ஆண் அந்துப்பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதுமே வழி. ‘இயற்கை மருந்து, அடித்த அன்றே எல்லாப் பூச்சியும் செத்து விழும்’ என்று விற்கும் போத்தலைத் தொடாதீர்கள். வேம்பு அப்படி வேலை செய்வதில்லை. தின்பதைக் குறைத்து, தோலுரிப்பைக் குழப்பி, மெதுவாகத்தான் கொல்லும். ஒரே நாளில் கொல்லும் ‘வேம்பு’ போத்தலில் செயற்கை மருந்து கலந்திருக்கக்கூடும்.

வளவில் வேம்பு நிற்கும் வீட்டுக்கு இதுகூட வேண்டாம். வேப்பம் பழம் உதிரும் காலத்தில் கொட்டையைப் பொறுக்கி நிழலில் உலர்த்தி வையுங்கள். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 1 லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து, ஒரு துளி சவர்க்காரம் சேர்த்து அன்று பின்னேரமே அடியுங்கள். அடுத்த நாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

சாப்பாட்டுப் பக்கம்

பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்று எழுதிய அரிசியைச் சேதன அரிசி என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். அது நெல்லின் இனத்தைச் சொல்கிறது, வளர்த்த முறையைச் சொல்லவில்லை. பாரம்பரிய இனங்கள் உயரமாக வளர்பவை, யூரியா கூடினால் சாய்ந்துவிடும். அதனால் பசளை குறைவாகப் போட்டிருக்க வாய்ப்பு உண்டு. களைநாசினி அடித்தார்களா என்பது தனிக் கேள்வி, அதைக் கேட்டே ஆக வேண்டும்.

தண்ணீர்தான் வன்னிச் சேதன நெல்லின் பெரிய சிக்கல். பெரிய குளத்தின் கீழுள்ள வயல்களில் மேல் வயலின் வடிநீர் கீழ் வயலுக்குப் போகும் இடங்கள் நிறைய. மேலே ஒருவர் மருந்தடித்த மறுநாள் வரம்பை வெட்டிவிட்டால், கீழே எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயனில்லை. ஆகவே சேதன நெல் என்று விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வயல் வாய்க்காலின் தலையிலா, கடைசியிலா? சிறு குளத்தின் கீழ் தனி மடையில் நீர் எடுக்கும் வயல், மானாவாரி மேட்டு வயல், பக்கத்து வயலுக்கு இடையில் பயிர் செய்யாமல் விட்ட வரம்புப் பட்டி உள்ள வயல் என்றால் நம்பிக்கை கூடும். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரின் அரிசிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

உழுந்து, பயறு, கௌபி, கச்சான் வாங்கும்போது களஞ்சியத்தைக் கேளுங்கள். வயலில் எந்த மருந்தும் காணாத உழுந்து, களஞ்சியத்தில் பொசுபீன் குளிசைப் புகை ஏறி வந்தால் அது சேதனமல்ல. காற்றுப் புகாத பையில் அடைத்தது, நன்கு காயவைத்து வேப்பிலையும் சாம்பலும் சேர்த்து வைத்தது என்றால் சரி. வண்டு விழுந்திருப்பதைச் சான்றாக எடுக்காதீர்கள், மருந்தடித்த பயறிலும் பிறகு வண்டு விழும். கத்தரிக்காயில் ஓட்டை இருப்பதும் அப்படியே. மருந்து தவறிய நேரத்தில் புழு போயிருக்கலாம்.

காசு அளவானது என்றால் எங்கே செலவழிப்பது? மிளகாய், கத்தரி, பயற்றங்காய், கோவா, தக்காளி. மருந்து அதிகம் காண்பவை இவை. இவற்றைத் தெரிந்த தோட்டத்திலிருந்து வாங்குங்கள் அல்லது சாடியில் வளருங்கள். முருங்கை, மரவள்ளி, வாழைப்பூ, பலாக்காய், பனங்கிழங்கு, ஒடியல் போன்றவற்றுக்குப் பொதுவாக மருந்தடிப்பது குறைவு. இவற்றில் ‘சேதனம்’ என்று ஒட்டி இரட்டை விலை கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஓடும் தண்ணீரில் கழுவினால் மேலே ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும், செடிக்குள் ஊடுருவும் மருந்து போகாது.

சான்றிதழைக் காட்டும் கடைகளும் உண்டு. அது நல்ல பழக்கம், ஆனால் சுவரில் தொங்குவதை வாசிக்க வேண்டும். எஸ்.எல்.எஸ்., ஐ.எஸ்.ஓ. 22000 போன்ற எழுத்துகள் தரத்தையும் சுகாதாரத்தையும் பற்றியவை. ஜி.ஏ.பி. சான்றிதழ் நல்ல விவசாய நடைமுறைக்கானது. அதில் இரசாயனப் பசளைக்கும் மருந்துக்கும் இடமுண்டு, அளவும் இடைவெளியும் காக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மருந்தடித்து எத்தனை நாளுக்குப் பிறகு பறித்தார்கள் என்பதற்குப் பதிவு இருப்பதால், சான்றே இல்லாத ‘நஞ்சற்ற’ மரக்கறியைவிட ஜி.ஏ.பி. மரக்கறி எவ்வளவோ மேல். ஆனால் அது சேதனம் அல்ல. சேதனச் சான்றிதழில் யாருக்குக் கொடுத்தது, எந்த விதியின் கீழ், எந்தத் திகதி வரை, எந்தப் பயிருக்கு என்ற நான்கும் இருக்கும். கடைசியானதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஏற்றுமதித் தேங்காய்க்கோ முருங்கையிலைத் தூளுக்கோ எடுத்த சான்றிதழ் அதே கடையின் அரிசிக்குச் செல்லாது. பயிர்ப் பட்டியல் இணைப்பாக இரண்டாம் தாளில் வரும். அந்தத் தாளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.